துருவின்மேல் பூசிய வண்ணம்



இந்த வாரம் பழைய ஜீப்பைக் குறித்து எழுதுகிறேன். சிரித்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். சில மாதங்களுக்குள் நம் சபையின் வாலிபர் மூவர் தனித்தனியே வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஐயா, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு வில்லிஸ் ஜீப் விலைக்கு வருகிறது. வாங்கிச் சரிசெய்து ஓட்டலாமா?" ஒருவர் தனிநபர் கடன் எடுக்க எண்ணியிருந்தார். இன்னொருவர் திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். மூன்றாமவர் மலைக்கிராம ஊழியத்துக்கென்று சபையே பணம் போட்டு வாங்க வேண்டும் என்றார். மூவருக்கும் நேரில் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன். இதே ஆசை உங்கள் வீட்டிலும் எட்டிப் பார்க்கக்கூடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆசை கொண்டவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கியே தீருவேன் என்கிறவர் பணத்தை முதலில் பிரேக்கில் போட வேண்டும், வண்ணத்தைக் கடைசிக்கு விட வேண்டும். நம் ஊரில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது.

போதகர்களுக்கு இந்தப் பொருளில் ஒரு சோதனை உண்டு. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டி, ஒரு எஜமான் வந்து விலைகொடுத்து வாங்குகிறார், கழுவுகிறார், புதிதாக்குகிறார். பிரசங்கம் தானாகவே எழுந்து நிற்கும். அதை நான் செய்யப்போவதில்லை. இரும்புக்கு ஆத்துமா இல்லை. அதை ஆத்துமாவுக்கு ஒப்பிட்டுப் பேசினால் இரும்பைப் பற்றியும் சரியாகச் சொல்ல முடியாமற்போகும். கோபுரம் கட்ட நினைத்தவன் முந்தி உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிற உவமை மட்டும் இங்கே அப்படியே பொருந்தும். அஸ்திபாரம் போட்டு முடிக்கத் திராணியில்லாமற்போனவர்களின் நினைவுச்சின்னங்கள் நம் ஊர்த் தொழிற்கூடங்களின் பின்புறத்தில் தார்ப்பாயின் கீழ் நிற்கின்றன. போய்ப் பாருங்கள்.

இந்த வண்டியின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. ஆசைக்கு அறிவு துணை வரட்டும். 1940-இல் அமெரிக்க இராணுவம் இலேசான நாற்சக்கர இழுவை வண்டி ஒன்றைக் கேட்டபோது, பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரிலிருந்த அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறிய நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு 49 நாள் கெடுவுக்குள் மாதிரி வண்டியை முடித்து, செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. பேண்டத்தால் வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்ய இயலாது என்று இராணுவம் கருதியது. பெரிய ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் அவ்விரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. பேண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. முதலில் உழுதவனின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

போருக்குப் பின் வில்லிஸ் அதே வண்டியைப் பண்ணைக்கும் பாதைக்கும் ஏற்றபடி சி.ஜே. என்ற வரிசையில் விற்றது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் அவற்றைப் பூட்டத் தொடங்கி, படிப்படியாக இங்கேயே செய்யலாயிற்று. நீங்கள் தமிழ்நாட்டில் காணும் பழைய ஜீப்புகளில் மிகுதியானவை சி.ஜே. 3பி என்னும் உயரமான முகப்புடைய வகை. அந்த உயரத்துக்குக் காரணம் அலங்காரம் அன்று. போர்க்கால எஞ்சினில் வால்வுகள் யாவும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. 134 கன அங்குல அளவை மாற்றாமலே சக்தியைக் கூட்ட வேண்டி, உள்ளிழுக்கும் வால்வுகளை மேலே ஹெட்டுக்கு மாற்றினார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானட்டும் உயர்ந்தது. வேலைக்காக வந்த வடிவம் அது. அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு என்பதை மறைக்கவில்லை.

இனி வாங்கப் போகிற நாள். விற்பவர் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார். அந்தச் சத்தத்தில் மனம் இளகிவிடும். எஞ்சினை நீங்கள் கடைசியில் பார்க்கலாம். பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்கும், கடைசல் பட்டறையில் திருத்தவும் முடியும். முதலில் வண்டியின் கீழே படுத்து சேசிஸைப் பாருங்கள். பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள், பின்கோடிக் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் இடங்கள் ஆகியவற்றில்தான் சேறு தங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மந்தமாகப் பேசும். அடுத்தது பாடி. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பட்டியைக் குறித்து ஒரு வார்த்தை. நெளிந்த தகட்டைச் சமன்செய்ய மெல்லிய பூச்சாகப் பட்டி போடுவது நியாயமான தொழில். அரித்துத் துளைவிழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், கம்பிவலையும் பட்டியும் வைத்து மூடி, மேலே பச்சை வண்ணம் அடித்து, நட்சத்திரம் ஒன்றை வரைந்து விற்பது பொய். வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது பொய்தான். நம்மில் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை இப்படிப்பட்ட வண்டியைக் கைமாற்றுகிறார்கள். "வாங்குகிறவன் பார்த்துத்தானே வாங்குகிறான்" என்ற பதில் எனக்குத் தெரியும். அவன் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே ஐயா மூடினீர்கள்?

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியில் உடனே பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகுவது எஞ்சினைக் கெடுக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் ஹேண்டிலால் கையாலேயே மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் பலவந்தம் செய்யாமல் மீண்டும் ஊற விடுங்கள். பழைய ஆயிலை வடித்து, டேங்கை இறக்கிக் கழுவுங்கள். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். இப்போது நம் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, இளகி, கசியத் தொடங்கும். சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோல் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

இன்றைய காரில் பிரேக் எண்ணெய் இரண்டு தனி வழிகளில் போகும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று பிடிக்கும். அந்தக் காலத்து ஜீப்பில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. நான்கு சக்கரங்களில் ஏதாவது ஒன்றின் வீல் சிலிண்டர் வாஷர் கிழிந்தால், ஒரு சிறு குழாய் வெடித்தால், பெடல் தரைவரை போய்விடும். நான்கு சக்கரத்திலும் பிடிப்பு இராது. கைபிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒரு சிறிய டிரம். நிறுத்திய வண்டியை நிற்கவைக்க அது போதும். இறக்கத்தில் உருளும் வண்டியை நிறுத்த அதை நம்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பத்தாண்டு நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரை அரித்துக் குழிகளாக்கியிருக்கும். சமவெளியில் நீங்கள் மெல்ல ஓட்டிப் பார்க்கும்போது பெடல் உறுதியாகவே இருக்கும். மலையிறக்கத்தில் மறுபடி மறுபடி மிதிக்கும்போது டிரம் சூடேறும், அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும், அதிலுள்ள ஈரம் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம்போல் தள்ளாது. பெடல் பஞ்சாகிவிடும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் அது நேரும் என்று வண்டி முன்கூட்டிச் சொல்லாது. ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள், லைனிங் ஆகிய அனைத்தையும் ஒரே முறையில் மாற்றுங்கள். "இது நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்" என்ற பேச்சு வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றுக்குழாயால் ஊதித் தூசி கிளப்புவது நம் பட்டறைகளில் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொல்லுங்கள். உதவிக்கு நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தச் செய்தி ஒருவேளை யாராலும் சொல்லப்படாதிருக்கும்.

இவ்வளவும் செய்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வண்டி அதே மங்கிய தோற்றத்தோடு நிற்கும். பார்க்க வருகிறவர்கள், "இவ்வளவு செலவழித்து என்ன செய்தாய்?" என்பார்கள். இந்த இடத்தில்தான் பலர் தளர்ந்துபோய், பிரேக்குக்கு வைத்த பணத்தில் அகலமான டயரும் பளபளக்கும் பம்பரும் வாங்குகிறார்கள். அகல டயர் பழைய ஸ்டியரிங்கின் தேய்ந்த மூட்டுகளை மேலும் வருத்தும் என்பதையும், அந்தப் படத்துக்கு விழும் விருப்பக்குறிகள் மலையிறக்கத்தில் துணைவராது என்பதையும் அவர்களுக்கு யார் சொல்வது?

ஓட்டுகிற முறையும் வேறு. முதல் கியருக்கு இந்த வண்டிகளில் சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் இருமுறை கிளட்ச் மிதித்து, இடையில் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போட வேண்டும். முன்சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் ஃபோர்வீல் லீவரைத் தார்ச்சாலையில் போடக்கூடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கு தீர்ந்துவிடும். காய்ந்த தாரில் தீராது, ஏதாவது உடையும்.

காகிதங்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பல பெட்ரோல் ஜீப்புகளில் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் மாட்டப்பட்டது. அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். 600 ரூபாயாக இருந்த கார்ப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று, பின்பு இன்னும் ஏறியது. 50 ஆண்டைக் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'வி.ஏ.' எழுத்துகளோடு பழம்பெரும் வாகனமாகப் பதியும் வழியும் 2021 முதல் உண்டு. முதற்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. திருமண ஊர்வலக் கணக்குப் போட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும். கடன் எடுக்க நினைத்த தம்பிக்கு ஒன்று: வாங்கும் விலைக்குச் சமமான இன்னொரு தொகை உங்கள் சொந்தச் சேமிப்பாகக் கையில் இருந்தால் தொடங்குங்கள். அது வீட்டாரின் பணமும்கூட. மனைவியோடு கலந்து பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாமவரின் வேண்டுகோளுக்கு நான் இல்லை என்றே சொன்னேன். சபைக்குழுவிலும் அதையே சொல்வேன். காணிக்கைப் பணத்தில் மலை ஊழியத்துக்கென்று பழைய ஜீப் வாங்கக்கூடாது. மலைப்பாதையில் ஜீப் வந்து நிற்கும் படம் மிஷனெரி வரலாறுகளை வாசித்து வளர்ந்த நம் மனதில் பதிந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அந்த மிஷனெரிகள் பழைய வண்டியை விரும்பி ஓட்டவில்லை. அவர்கள் காலத்தில் அது புது வண்டி, கிடைத்தவற்றுள் சிறந்தது. இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணை மலையிலிருந்து இறக்க வேண்டுமென்றால், முதல் திருப்பத்திலேயே புறப்படும் வண்டி வேண்டும், இரட்டை வழிப் பிரேக் வேண்டும், இருக்கைப்பட்டை வேண்டும். அதே பணத்துக்குப் பத்தாண்டு பழையதான, நல்ல நிலையிலுள்ள சாதாரண வண்டி ஒன்று கிடைக்கும். அதை வாங்குவோம். படம் எடுத்தால் அழகாக இராது, அவ்வளவுதான்.

தேனி மாவட்டத்திலிருந்து எல்லை கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் கூலிவேலைக்குப் போகிறவர்களை இந்த ஜீப்புகளே நெடுங்காலமாய் ஏற்றிச் செல்கின்றன. விடியுமுன் சாலையோரத்தில் நின்று பார்த்தால் தெரியும்: பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், கதவோரத்தில் தொங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜீப் ஒரு பொழுதுபோக்கு அன்று. அவர்களில் ஒருவரிடம் போய், "இந்த வண்டியின் பழமை எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத் தகுதியானவர் யார்? நான் ஒருவரைக் கண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டில் இடமுண்டு, கடன் இல்லை, அவசரமும் இல்லை. மூன்று ஆண்டுகளாக ஒரு ஜீப்பைச் செப்பனிட்டு வருகிறார். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வாரம் இருமுறை வந்து வேலை செய்கிறார். கார்புரேட்டரின் நோயைக் காதால் கேட்டே சொல்லக்கூடியவர். அந்தக் கலைஞருக்கு நாட்கூலியைப் பேரம்பேசாமல் அன்றன்றைக்கே கொடுக்கிறார் நம் ஆசிரியர்; பக்கத்தில் இரண்டு வாலிபர்களை உட்காரவைத்துக் கற்கவும் செய்கிறார். இதைத்தான் நான் மெச்சுகிறேன். பழைய ஜீப்புக்கு உதிரிபாகம் இன்னும் பல ஆண்டு கிடைக்கும். அதைப் பொருத்தத் தெரிந்த கைகள் ஊருக்கு ஒன்றிரண்டே மீதமிருக்கின்றன. அவர்களுக்கோ சீடர்கள் இல்லை. ஒரு வண்டியை வாங்குவதால் அப்படி ஒருவருக்கு மரியாதையான வேலை கிடைத்து, இன்னொருவனுக்குத் தொழில் கைவருமானால், அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆசிரியரின் வண்டிக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த செங்காவி நிறத்திலேயே நிற்கிறது.

ஆகவே, தம்பிமாரே, போய்ப் பார்க்கிறதானால் மழைக்காலத்தில், பகல் வெளிச்சத்தில் போங்கள். சுத்தியல், காந்தம், டார்ச்லைட், படுக்க ஒரு கோணிப்பை ஆகியவை கையில் இருக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும், அல்லது பொறித்த இடம் மட்டும் புதிதாகத் தேய்த்து வண்ணம் அடித்திருந்தாலும், அவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, வந்த பேருந்திலேயே திரும்பி விடுங்கள்.